கீழ் வீட்டுக்கு ஒரு டாக்டர்

அந்தப் பக்கம் போவாதம்மா, அது பொணம் அறுக்குற எடம். இப்டி வா. நீ தேடுற டாக்டரு இங்கதான் இருக்காரு. கையில சீட்ட வெச்சிக்கினு மூணு தபா இந்த வராண்டாவ சுத்துனியே, அப்பவே நெனச்சேன். கை கால் வராதவங்களப் பாக்குற பியெம்மாரு டாக்டருன்னு எழுதிக் குடுத்திருப்பாங்களே? ஆங், அதேதான். போர்டப் பாத்துக் கண்டுபுடிக்க முடியாது. பாதி எழுத்து உதுந்து பூடுச்சு, மிச்சத்த பீரோ மறைக்குது.

ஒக்காரு. உள்ள ஒரு கொழந்தையப் பாத்துக்கினு இருக்காரு, அர மணி நேரமாவும். நானு எல்லாம் முடிச்சிட்டு சீல் குத்துறவருக்காக ஒக்காந்திருக்கேன். சீல் இல்லன்னா பேப்பரு செல்லாதாம். அந்த ஆளு டீ குடிக்கப் போனவன் டீத்தோட்டத்துக்கே பூட்டான் போல.

தோ, செவுத்தோரமா வீல்சேருல இருக்காரே, அவுருதான் எங்க வூட்டுக்காரரு. தேசிங்கு. தூங்கல. கண்ண மூடிக்கினு இருக்காரு, அவ்ளோதான். நாம பேசுறது எல்லாம் கேக்கும். கேக்கட்டுமே, கேட்டா இன்னா?

ஒனக்கு யாருக்கும்மா? தம்பிக்கா? சாரத்துலேர்ந்து வுழுந்துட்டானா? அடப்பாவமே. எத்தினி மாசம்? நாலா? இட்டுக்கினு வரலியா? டாக்டரு இருக்காரான்னு பாத்துட்டு அப்பறம் இட்டாரலாம்னு வந்தியா? நல்ல வேல பண்ண. எனக்கு அந்தப் புத்தி இல்லாம போச்சு. இவுர நாலாவது மாடியிலேர்ந்து பிளாஸ்டிக் சேருல ஒக்கார வெச்சு, ரெண்டு ஆம்பளைங்க கையில கால்ல வுழுந்து தூக்கியாரச் சொல்லி, எழுவத்திரெண்டு படி எறக்கி, ஆட்டோவுல போட்டு இட்டாந்தேன். ஒரு தபா இல்ல, மூணு தபா. மூணு தபாவும் தப்பான டாக்டரு.

மொதல்ல நரம்பு டாக்டரு. தலையில ரத்தம் கட்டுனதுக்கு அவுருதான பாத்தாரு, அவுருகிட்டயே கேப்போம்னு போனேன். மாத்திரைய நிறுத்தாத, உப்பக் கொறைன்னாரு. சார், கை கால் வராதவருன்னு சர்ட்டிபிகேட்டுன்னேன். அது நான் இல்லம்மான்னுட்டாரு. அப்பறம் எலும்பு டாக்டரு. அவுரு இவுர தொட்டுக்கூடப் பாக்கல, படத்தத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு எலும்பு நல்லா இருக்கே, ஏன் இங்க வந்தங்குறாரு. எலும்பு நல்லா இருந்தா நான் ஏன்யா வரப்போறேன்? மூணாவது, எக்சர்சைஸ் பண்ற ரூமு. அங்க இருந்த நர்சுதான் சொல்லுச்சு, இதுக்கெல்லாம் பியெம்மாரு டாக்டர் கையெழுத்து வேணும்க்கா, புதன்கிழமை வாங்கன்னு.

அது எந்த ஒடம்புக்கு டாக்டரும்மான்னு கேட்டேன். கண்ணுக்கு ஒருத்தரு இருக்காரு, காதுக்கு ஒருத்தரு இருக்காரு, பொம்பளைங்களுக்கு ஒருத்தரு இருக்காரு, இவுரு எதுக்கு? அது சொல்லுச்சு பாரு, மத்த டாக்டருங்க எல்லாம் பாத்து முடிச்சப்பறம் மிச்சம் இருக்குறதுக்கு டாக்டருன்னு. எனக்கு சுருக்குன்னுச்சு. எங்க வூட்டுக்காரரு மிச்சமா?

சர்ட்டிபிகேட்டு எதுக்குன்னு கேக்குறியா? வூட்டுக்குத்தான். வேற எதுக்கு?

நாங்க ஆத்தோரமா இருந்தவங்கம்மா. அங்க எனக்கு ஆப்பக் கடை. தனபாக்கியம் ஆப்பம்னா பாலத்துக்கு அந்தாண்டலேர்ந்து வருவாங்க. பத்தொம்பது வருசம். போலீஸ்காரங்களே வரிசையில நின்னு வாங்கிக்கினு போவாங்க, தெரியுமா? அப்பறம் வூட்டயெல்லாம் இடிச்சிட்டு, ஊருக்கு வெளிய கட்டடம் கட்டி வெச்சிருக்கோம் போங்கன்னாங்க. போனோம். குலுக்கல் போட்டாங்க. எனக்கு நாலாவது மாடி. லிப்டு இருக்குது. ஓடுறதுதான் இல்ல. நாலாவது மாடி ஏறி வந்து எவன்மா ஆப்பம் துன்னுவான்? ஆப்பச் சட்டியக் கவுத்து வெச்சேன். கை துறுதுறுங்கும், காலைல நாலு மணிக்குத் தானா முழிப்பு வரும், செய்யுறதுக்கு ஒண்ணும் இருக்காது. பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சு.

அடுத்த வருசம் இவுரு வுழுந்தாரு. மீன்பாடி வண்டி ஓட்டுனவரும்மா. ஆறு மூட்டை சிமெண்ட ஏத்திக்கினு பாட்டு பாடிக்கினு மிதிப்பாரு. ஒரு நாளு தண்ணி பம்பாண்ட கொடத்தத் தூக்கக் குனிஞ்சவரு அப்டியே சாஞ்சிட்டாரு. எடது கை, எடது காலு, ரெண்டும் பூடுச்சு. பேச்சு கொஞ்சம் கொழறும், ஆனா பேசுவாரு. பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு மேல ஏத்துனோம். ஏத்துனதுதான். பத்து மாசம் கீழ எறங்கல.

நான் எப்டிப் பாத்துக்கினேன்னு எங்க பிளாக்குல வந்து கேளு. ஒரு டம்ளரு தண்ணி அவுரு கையால எடுத்துக் குடிச்சதில்ல. ஊட்டி வுடுவேன், குளிப்பாட்டுவேன், சட்டைக்குப் பித்தான் போடுவேன். நல்ல கையாலயாவது துன்னட்டும்னு எதிர் வூட்டுக்காரி சொன்னா. நான் உசுரோட இருக்கும்போது அவுரு ஏன்டி கஷ்டப்படணும்னு கேட்டேன்.

அப்பதான் சி பிளாக்குல கீழ் வூடு ஒண்ணு காலியாச்சு. அந்தக் குடும்பம் ஊரோட போயிட்டாங்க. வூடு எங்க இருக்குங்குற? நேர் எதிர்ல ஸ்கூல் கேட்டு. பம்பு பக்கத்துல. வாசல்ல நாலு பேரு நிக்குற மாரி சிமெண்ட் தரை, மேல நிழலு. அதப் பாத்த அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. வூடு ஒதுக்குற ஆபீசுல போயி கேட்டேன். கால் வராதவங்களுக்குத்தான் கீழ் வூடு, சர்ட்டிபிகேட்டு இருந்தா மொதல்ல ஒங்களுக்குன்னாங்க. என் கூடவே மூணாவது மாடி கஜபதியும் எழுதிக் குடுத்திருந்தான், அவங்கம்மாவுக்கு முட்டி வலியாம். முட்டி வலி யாருக்குத்தான் இல்ல? எனக்கு இல்லியா?

நான் எனக்காகக் கேக்கலம்மா. தோ இவுருக்காகத்தான். பத்து மாசமா மேலயே கெடக்குறாரே, நாலு மனுச மக்களப் பாக்கட்டுமேன்னுதான்.

நாலாவது தபாதான் சரியான டாக்டரக் கண்டேன். இதே ரூமு. ஆனா அப்ப இருந்தது இப்ப உள்ள இருக்காரே இவுரு இல்ல. ஒரு டாக்டரம்மா, பெர்னதெத்துன்னு பேரு. சின்ன வயசு, முடிய ஒட்ட வெட்டிக்கினு. நான் பேப்பர நீட்டுனா அத்த வாங்கி மேசையில கவுத்து வெச்சிட்டு இவுரு காலத் தூக்கித் தன் மடியில வெச்சிக்கிச்சு. மடியிலம்மா! அழுக்குக் காலு. ஒவ்வொரு வெரலா அமுக்கிப் பாத்துச்சு.

எத்தினி மாசம் ஆச்சு, எப்டித் தூங்குறாருன்னு கேக்குது. இவுரு என் மூஞ்சியப் பாக்குறாரு. நான் பதில் சொல்றேன். அது என்னைப் பாத்து, “நீங்க இல்லம்மா, அவர் சொல்லட்டும்”ங்குது. எனக்கு எப்டி இருக்கும்? பத்து மாசமா பேளுறது மோளுறது எல்லாம் அள்ளுனவ நானு. என்னை வாய மூடுன்னா?

அப்பறம் இவுருகிட்ட கேட்டுச்சு. “தேசிங்கு, உங்களுக்கு என்ன பண்ணணும்னு ஆசை?”

இவுரு வாயத் தொறந்தாரு. வாய் கோணிக்கிச்சு. கீழ எறங்கி டீக்கடையாண்ட நின்னுக்கினு டீ குடிக்கணும்னாரு.

நான் சிரிச்சிட்டேன். ஏன்யா, வூட்ல நான் டீ போட்டுத் தரலியான்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கல. பேனாவ எடுத்து அத்த எழுதிக்கிச்சு. டீ குடிக்கணும்னு சொன்னத எழுதிக்கிச்சும்மா! சர்ட்டிபிகேட்ட எழுதுன்னா டீய எழுதுது.

எட்டு வாரம் வரணும், வாரத்துக்கு ரெண்டு தபான்னுச்சு. பாதம் தொங்குது, அதுக்குப் பிளாஸ்டிக்குல ஒரு பட்டை செஞ்சு தரேன், இதே கட்டடத்துல பின்னால செய்வாங்க, போட்டுக்கினு நடக்கலாம், படி ஏறி எறங்கவும் பழக்கலாம்னுச்சு. வூட்ல அவுரே சாப்பிடட்டும், அவுரே சட்டை போடட்டும், நீங்க கையக் கட்டிக்கிட்டு நில்லுங்கம்மான்னுச்சு. சரிம்மா, சர்ட்டிபிகேட்டு எப்பன்னு கேட்டேன். சிகிச்சை முடிஞ்சு ஊனம் எவ்ளோன்னு அளந்தாத்தான் சரியா இருக்கும், இன்னும் நல்லா வருவாருங்குது. எட்டு வாரத்துல அந்த வூடு கஜபதி கையில இருக்குமே!

சொன்னேன். மறைக்காம சொன்னேன், இப்டி இப்டி, கீழ் வூடு, ஸ்கூல் கேட்டுன்னு. அது கேக்குது, “நாலு மாடியும் அவரே இறங்கி வந்துட்டா கீழ் வீடு எதுக்கும்மா?”

எனக்கு வேணும்னேன். அவுருக்கு வேணும்னா எனக்கு வேணும்னுதான அர்த்தம்? அத்தப் புடிச்சிக்கினு என்னை ஒரு மாரி பாத்துச்சு.

ரெண்டு வாரம் இட்டாந்தேன், பொய் சொல்லக் கூடாது. ரெண்டு கம்பி போட்டிருப்பாங்க உள்ள, தோ கதவு வழியா தெரியுது பாரு, அதுக்கு நடுவுல நிக்க வெச்சாங்க. மொத நாளு நின்னாரு. ரெண்டாவது நாளு காலத் தூக்கி வெச்சாரு. நாலாவது தபா வந்தப்ப ஆறு அடி நடந்தாரு. ஆறு அடி. திரும்பி என்னைப் பாத்து சிரிச்சாரு. பத்து மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சாரு. எனக்கும் கண்ணு கலங்கிச்சு, இல்லன்னு சொல்லல. நான் இன்னா கல்லா?

ஆனா வூட்டுக்கு வந்தப்பறம் அடங்க மாட்டேங்குறாரே. அவங்க செஞ்சு குடுத்த பட்டைய மாட்டிக்கினு செவுத்தப் புடிச்சிக்கினு கதவு வரைக்கும் போறாரு. எடது கையால டம்ளரத் தூக்கிப் பாக்குறாரு. பாதி தண்ணி கீழ, பாதி வாயில. நான் பக்கத்துல நின்னு கணக்குப் போடுறேன். இந்த வேகத்துல போனா அளக்கும்போது இன்னா மிஞ்சும்? இவுரு டக்கு டக்குன்னு நடந்து காமிச்சா யாரு குடுப்பா வூட்ட?

பட்டைய எடுத்துப் பரண் மேல வெச்சேன். ஒளிச்சு வெக்கலம்மா, எடுத்து வெச்சேன். எங்கடின்னு கேட்டாரு. தோலு செவந்திருக்குய்யா, புண்ணு வந்துடும், கொஞ்ச நாளு போவட்டும்னேன். நெசமாவே செவந்துதான் இருந்துச்சு. டாக்டரம்மா போன் பண்ணுச்சு, ஏம்மா வரலன்னு. ஜொரம்னுட்டேன். ஆபீசுல போயி ஒக்காந்து அழுது, இன்ன தேதிக்குள்ள இவுரு நெலமைய எழுதித் தாங்கன்னு ஒரு லெட்டரு வாங்கியாந்து மேசையில வெச்சேன். ஆபீசு லெட்டருக்கு டாக்டரு இன்னா பண்ண முடியும்? சரி, வர்ற புதன் அளக்குறேன்னுச்சு.

நாலு நாளு இருந்துச்சு. ஒனக்கு சொல்றேன், நீ என் தங்கச்சி மாரி. பாயில ஒக்கார வெச்சு நான்தான் டாக்டரு. கையத் தூக்குன்னுவேன். தூக்கக் கூடாது. ஆனா அவுருக்கு ரெண்டு வாரப் பழக்கம், சொன்ன ஒடனே கை தானா எழும்பும். தொடையில ஒரு தட்டு தட்டுவேன். செல்லமாத்தான். எந்திரின்னுவேன். ஒடம்ப முன்னால சாய்ப்பாரு. இன்னொரு தட்டு. மூணாம் நாளு வேர்த்து ஊத்துது அவுருக்கு, தூக்குறத விட தூக்காம இருக்குறதுதான் பெரிய பாடா இருந்திருக்கும் போல. நாலாம் நாளு எத்தச் சொன்னாலும் கல்லு மாரி ஒக்காந்துட்டாரு. சபாஷ்யான்னு ரெண்டு முட்டை வறுத்துக் குடுத்தேன். ஊட்டிதான் வுட்டேன்.

அன்னிக்கு ஒண்ணு கேட்டாரு. வூடு வந்தப்பறம் நடக்கலாமான்னு. ஓடுய்யா, யாரு வேணாம்னாங்கன்னேன்.

புதன்கிழமை வந்தோம். டாக்டரம்மா தூக்கச் சொன்னுச்சு, இவுரு தூக்கல. மடக்கச் சொன்னுச்சு, மடக்கல. கம்பிக்கு நடுவுல நிக்க வெச்சுது, தொபுக்குன்னு சேருல வுழுந்துட்டாரு. நான் சொல்லிக் குடுத்தத விட நல்லா பண்ணாரு. டாக்டரம்மா அவுரையே பாத்துது. “போன வாரத்துக்கு முந்தின வாரம் நடந்தீங்களே தேசிங்கு?” இவுரு தரையப் பாக்குறாரு. அது முந்தின வாரம்மா, ஜொரம் வந்து எல்லாம் பூடுச்சுன்னு நான்தான் சொன்னேன். அப்பறம் என்னைப் பாத்துது. நானும் பாத்தேன். நான் ஏன் பயப்படணும்?

பாக்குறதத்தான் எழுத முடியும்னு சொல்லிட்டு எழுதுச்சு. ஊனம் எம்பது பர்சென்டு. ஆனா ரெண்டு வருசத்துக்குத்தான் செல்லும், அப்பறம் திரும்ப அளக்கணும்னு போட்டுடுச்சு. வீடு கெடைச்ச மறுநாளே இவரைக் கூட்டிட்டு வாங்க, ஒரு நாளு கூடத் தள்ளிப் போடாதீங்க, தள்ளிப் போட்டா கை இறுகிடும், அப்பறம் நான் வந்தாலும் முடியாதுன்னுச்சு. வரேம்மான்னேன். வரக் கூடாதுன்னா நெனச்சேன்?

வூடு கெடச்சுதும்மா. சாவி கையில வந்த அன்னிக்கு ராத்திரியே மாவு அரைச்சேன். மறுநாளு காலைல கடை. ஸ்கூல் பொண்ணுங்க, அதுங்கள வுட வர்ற அம்மாங்க, பஸ்சுக்குப் போறவங்க, ஈ மொய்க்குற மாரி கூட்டம். தனபாக்கியம் ஆப்பம்னு மறுபடியும் வாய்க்கு வாய் பேரு. நீ வந்தா ஒரு நாளு துன்னுட்டுப் போ, தேங்காப்பாலு நானே புழிவேன். அந்தக் கூட்டத்த வுட்டுட்டு வாரத்துக்கு ரெண்டு நாளு காலைல இங்க வந்து நிக்க முடியுமா, நீயே சொல்லு? கடை நல்லா ஓடட்டும், ஒரு மாசம் போவட்டும்னு பாத்தேன்.

அதுல கஜபதி வேற. வூடு கெடைக்கலன்னு அவனுக்கு வயித்தெரிச்சலு. மூணாவது மாடி கம்பியப் புடிச்சிக்கினு எங்க வாசலையே பாத்துக்கினு நிப்பான். தேசிங்கு நடக்குறத நான் ஒரு தபா பாத்தா போதும், மனு எழுதிப் போட்டு வூட்டக் காலி பண்ண வெப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுறான். நான் இன்னா பண்ணுவேன்? கதவச் சாத்தி வெச்சேன். யோவ், வாசப்பக்கம் வராதய்யான்னேன்.

ஒரு நாளு வந்தாரு. நான் ஆப்பம் ஊத்திக்கினு இருக்கேன். பின்னால ஏதோ சத்தம். திரும்பிப் பாத்தா, நெலப்படியப் புடிச்சிக்கினு நிக்குறாரு. பட்டை இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் காலு. எப்டி வந்தாரோ. வெளிய டீக்கடை தெரியுது, அத்தப் பாத்துக்கினு நிக்குறாரு. மேல அண்ணாந்தா கஜபதி துணி காயப் போடுறான். கரண்டியப் போட்டுட்டு ஓடி, தோளப் புடிச்சு உள்ள ஒக்கார வெச்சேன். தள்ளலம்மா. ஒக்கார வெச்சேன். கொஞ்சம் வேகமாப் பட்டுச்சு, அவ்ளோதான். யோவ், ஒன்னாலதான்யா இந்த வூடு, நீயே கெடுத்துடுவ போலன்னு கத்திட்டேன். கடைக்கு வந்தவங்க எல்லாம் பாத்தாங்க.

அப்பறம் அவுரு எந்திரிக்கல. கேக்கவும் இல்ல. பட்டை எங்கன்னு கேக்கல, டாக்டரு எப்பன்னு கேக்கல. நானும் நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்.

டாக்டரம்மா நாலஞ்சு தபா போன் பண்ணுச்சு. நம்பரப் பாத்தாலே எடுக்க மாட்டேன். கடை நேரத்துலதான் பண்ணும். அப்பறம் வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம். போறவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவலாமில்ல? இப்ப நெனச்சா அவ மேலதான் ஆத்திரம் ஆத்திரமா வருது. நான் படிக்காதவ, எனக்கு இன்னா தெரியும்? அவ டாக்டருக்குப் படிச்சவ. இந்த ஆளு நடிக்குறான்னு தெரியாதா? தெரிஞ்சா ஓங்கி ஒரு அறை வுட்டு, எந்திரிய்யான்னு சொல்ல வேணாம்? அதுக்குத்தான டாக்டரு? எழுதிக் குடுத்துட்டா. கேட்டா எழுதிக் குடுத்துடுறதா?

ரெண்டு வருசம் முடிஞ்சிடுச்சு. இன்னிக்குத் திரும்ப அளக்கணும். போன வாரம் பரண்லேர்ந்து அந்தப் பட்டைய எறக்கித் தொடைச்சேன். வூடு போனாலும் போவட்டும், இந்த தபா உள்ளத உள்ளபடி காமிச்சிடுவோம்னு. நெசமாத்தாம்மா. பாதி நெசம். பட்டைய மாட்டப் பாத்தேன். காலு உள்ள போவல. பாதம் குச்சி மாரி கீழ நீட்டிக்கினு நிக்குது, மடங்க மாட்டேங்குது. அதே பட்டைதான். காலுதான் வேற காலா இருக்கு.

அப்பவும் சொன்னேன். யோவ், இந்த தபா நடிக்க வேணாய்யா, டாக்டரு தூக்கச் சொன்னா தூக்கு, எனக்குக் கோவம் வராதுன்னு. தலைய ஆட்டுனாரு.

கொஞ்ச நேரத்துக்கு முன்னாலதான், உள்ள, இந்தப் புது டாக்டரு கையத் தூக்குங்கன்னாரு. இவுரு என் மூஞ்சியப் பாக்குறாரும்மா. டாக்டரப் பாக்கல, கையப் பாக்கல, என் மூஞ்சியப் பாக்குறாரு. தூக்கலாமான்னு கேக்குற மாரி. தூக்குய்யான்னேன். மூணு தபா சொன்னேன். தூக்குய்யா, தூக்கு ராஜா. நெத்தியில வேர்வை பொட்டுப் பொட்டா வருது. பல்லக் கடிக்குறாரு. ஒண்ணும் வரல. தோள்பட்டை மட்டும் லேசா ஆடுச்சு. டாக்டரு வெரலப் பிரிக்கப் பாத்தாரு, ஆன்னு கத்திட்டாரு. வெரலு உள்ளங்கையிலயே ஒட்டிக்கிச்சு. நகம் குத்திப் புண்ணாயிருக்கு. நான் பாக்கவே இல்லம்மா. தெனம் குளிப்பாட்டுறேன், பாக்கல.

டாக்டரு கேட்டாரு. “ஆரம்பத்துல நடந்ததா பழைய நோட்டுல எழுதியிருக்கே. நடுவுல ஏன் விட்டீங்க? யாராவது அசைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

அந்தப் பழைய டாக்டரம்மாதான் சொன்னாங்கன்னுட்டேன்.

வாயில வந்துடுச்சு. இவுரு பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கினுதான் இருக்காரு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லலாமில்ல? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமில்ல? சொல்லல. கண்ண மூடிக்கினாரு. அப்போலேர்ந்து மூடிக்கினுதான் இருக்காரு.

இரு இரு, வந்துட்டான் சீல் குத்துறவன். குடுங்க சார். தேசிங்கு, ஆமா, சி பிளாக்கு. எவ்ளோ நேரம் சார்... சரி சரி.

இந்தாம்மா, நீ படிச்ச பொண்ணா இருக்க, இத்தப் பாத்து சொல்லு. எல்லாம் இங்கிலீசுல இருக்கு. பர்சென்டு இன்னா போட்டிருக்கு? எம்பத்தஞ்சா? நல்லாப் பாரு. போன தபா எம்பதுதான். எத்தினி வருசத்துக்கு? கீழ இருக்கும் பாரு, சீலுக்குப் பக்கத்துல.

இன்னொரு தபா படி. வெரலு வெச்சுப் படி.

நிரந்தரம்னா? திரும்ப அளக்க வர வேணாமா? ரெண்டு வருசம் கழிச்சு? அஞ்சு வருசம் கழிச்சு? எப்பவுமேவா?

அப்ப வூடு போவாது. கஜபதி இன்னா மனு போட்டாலும் போவாது. நாலு பேரு முன்னால அவுர வாசல்ல ஒக்கார வெச்சாலும் ஒரு பயலும் கேக்க முடியாது. ஏம்மா என்னை அப்டிப் பாக்குற? சந்தோசமாத்தான் இருக்கேன். அழுதா இன்னா இப்போ, அழக் கூடாதா?

நீ போ, உள்ள கூப்பிடுறாங்க பாரு. தம்பிய நாளைக்கே இட்டா. அவன் கையால துன்னட்டும். சிந்துனா சிந்தட்டும், நீ கையக் கட்டிக்கினு நில்லு. போ.

யோவ். யோவ், கண்ணத் தொற. முடிஞ்சிடுச்சுய்யா, நிரந்தரம்னு எழுதிட்டாங்க. இனிமே ஒன்ன யாரும் கையத் தூக்கு, எந்திரின்னு சொல்ல மாட்டாங்க. வா, வூட்டுக்குப் போலாம்.